பழைய பிக்கப்புக்கு ரேடியேட்டர் மாற்றியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கோத்தகிரி ஜீப்:

அப்பா விட்டுப்போன மஹிந்திரா ஜீப் பிக்கப்பை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். வாங்கும்போது அது பெட்ரோல் வண்டி. தொண்ணூறுகளில் ஊரில் பலரும் செய்ததுபோல அப்பாவும் ஹரிக்கேன் என்ஜினை இறக்கிவிட்டு பியூஜோ டீசல் என்ஜினை ஏற்றினார். ரேடியேட்டர் மட்டும் பெட்ரோல் காலத்துப் பழசு.

காலையில் கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவேன். திரும்பும்போது உர மூட்டை ஏறும். இறங்கும்போது ஒரு தொல்லையும் இல்லை. ஏறும்போது குஞ்சப்பனை தாண்டிவிட்டால் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும். ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, அரை மணி நேரம் நின்று, ஆறியதும் தண்ணீர் ஊற்றிக் கிளம்புவேன். ஒரு வருடம் இப்படியே போனது.

மலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உயரம் போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். கோத்தகிரி 1,800 மீட்டருக்கு அருகில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம்மைக் காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான். சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி கூடுதலாகத் தாங்கும். என் வண்டியில் இருந்தது 7 பவுண்டு மூடி. அதன் ரப்பர் காய்ந்து போனதைப் பல மாதம் யாருமே பார்க்கவில்லை. நானும்தான்.

அப்புறம் ஒரு நாள் பொறுமை போய்விட்டது. ரேடியேட்டர் சின்னது, பெரிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று முடிவு செய்து, ரெடிமேடாக ஒரு அலுமினிய ரேடியேட்டர் வாங்கினேன். பார்க்கவே பளபளவென்று இருந்தது. அதன் கோர், அதாவது மேல்டேங்குக்கும் கீழ்டேங்குக்கும் நடுவே ட்யூபும் ஃபின் என்கிற மெல்லிய தகடுகளும் சேர்ந்த பகுதி, பழையதைவிடத் தடிமன். அதனால் ஃபேன் இறக்கைக்கும் கோருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. பழைய ரேடியேட்டர் ரப்பர் வாஷர்மேல் உட்கார்ந்திருந்தது. புதியதை நேராக ஃபிரேமில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள். ஜீப் சேஸ் மலைவளைவில் எப்படி முறுக்கும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். நாலாவது மாதம் கீழ்டேங்கில், ஹோஸ் மாட்டும் குழாய்க்குப் பக்கத்தில் வெல்டிங் விட்டது. உள்ளூரில் அலுமினியத்துக்கு வேண்டிய ஆர்கன் வெல்டிங் செய்ய ஆள் கிடைக்கவில்லை. மூன்று நாள் வண்டி நின்றது. பறித்த கேரட் ஷெட்டிலேயே கிடந்தது.

அந்த நேரத்தில்தான் பழைய ரேடியேட்டரைக் கோவைக்கு எடுத்துப்போய் உக்கடத்தில் ஒரு ரேடியேட்டர் கடையில் கொடுத்தேன். அறுபது வயதைத் தாண்டியவர் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மேல்டேங்கின் ஓரத்தைச் சுற்றித் தீயைக் காட்டினார். ஈயம் உருகிச் சொட்டியதும் ஒரு ஸ்குரூடிரைவரால் நெம்பி டேங்கைத் தனியாக எடுத்துவிட்டார். "இங்க பாரும்மா" என்றார். மூன்று வரிசையாக ட்யூபுகளின் வாய் தெரிந்தது. சரிபாதிக்கு மேல் வெள்ளை உப்பு படிந்து அடைத்துக் கிடந்தது. மண்டிக்கு வெளியே போர் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டே இருந்தோமே, அந்த உப்பு. கீழ்டேங்கைக் கழற்றியபோது பழுப்பும் மஞ்சளுமாகச் சேறு. எனக்கு உடனே விளங்கியது. ஒழுக்கு அடைக்க முன்பிருந்த டிரைவர் மஞ்சள் தூள் கொட்டியிருக்கிறார். அவசரத்துக்கு ஊர் போய்ச் சேர அது உதவும். ஒழுக்கை அடைக்கிற அதே மஞ்சள் நல்ல ட்யூபையும் அடைக்கும்.

ட்யூபுக்குள் கம்பி விட்டு, ராடு அடித்துச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டேன். கோரை விரலால் தடவினார். ஃபின் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "ட்யூபைச் சுத்தம் பண்ணிடலாம். ஃபின்னு ட்யூபைப் பிடிக்கலைன்னா சூடு எங்க போகும்?" என்றார். ஆகவே பித்தளை டேங்க் இரண்டையும் வைத்துக்கொண்டு புதுச் செம்புக் கோர் போடுவது என்று முடிவானது.

நாலு ரோ, அதாவது நாலு வரிசை ட்யூப், போடச் சொன்னேன். அவர்தான் தடுத்தார். முன்வரிசையில் பட்ட காற்று சூடாகித்தான் பின்வரிசைக்கு வரும், காற்றே சரியாக இழுக்காத வண்டியில் நாலாவது ரோ வெறும் கனம் என்றார். என்னோடு வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். டேப்பை வைத்து அளந்தார். என்ஜின் மாற்றியதில் ஃபேன் கோரின் நடுவிலிருந்து மூன்று அங்குலம் கீழே இறங்கியிருக்கிறது! மேல்பாதிக்குக் காற்றே போகவில்லை. இத்தனை வருடம் பாதி ரேடியேட்டரில்தான் வண்டி ஓடியிருக்கிறது. அப்பாவும் ஏறும்போதெல்லாம் குஞ்சப்பனையில் டீ குடிக்க நிறுத்துவார். அது டீக்காக மட்டும் இல்லை என்று அன்றுதான் புரிந்தது.

மூன்று ரோ கோர், ஃபேன் இழுக்கும் காற்று கோர் முழுவதும் போக, தகரத்தில் கோரை முழுதாக மூடுகிற மாதிரி ஒரு ஷ்ரௌடு (ஃபேனைச் சுற்றிய கூடு), புது 7 பவுண்டு மூடி, அடியில் பழையபடி ரப்பர். அவ்வளவுதான் செய்தோம். இப்போது பன்னிரண்டு மூட்டை உரத்தோடு நிற்காமல் ஏறுகிறேன்.

உங்கள் வண்டியில் என்ன நடந்தது? அலுமினியம் போட்டவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.


யாழ் மொறிஸ்:

அக்கா, உங்கட கதை வாசிக்க எங்கட வண்டியைப் பார்த்த மாதிரியே இருந்தது. என்னட்டை இருக்கிறது மொறிஸ் மைனர் பிக்கப், 1098 சி.சி. என்ஜின். யாழ்ப்பாணத்திலை நிலத்துக்குக் கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுத்தானே. கேத்திலுக்குள்ளை வெள்ளையாய் படியிறது ரேடியேற்றருக்குள்ளையும் படியும். கிணத்துத் தண்ணி விட்டால் ரெண்டு வருசம் போதும். எங்கட வீட்டிலை மாரி மழைத் தண்ணியை ஒரு பரலிலை பிடிச்சு வைப்பம், வண்டிக்கெண்டே.

தொண்ணூறுகளிலை பெற்றோல் வராத காலம், பெற்றோல் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயிலை ஓடின வண்டி இது. மண்ணெண்ணெய் ஆவியாக என்ஜின் நல்லாச் சூடாய் இருக்கவேணும். அப்பா ரேடியேற்றருக்கு முன்னாலை ஒரு அட்டையை வைச்சு மறைப்பார். கிளிநொச்சிப் பக்கம் லோட் ஏத்திப் போகேக்கை அட்டையைக் கழற்றுவார், திரும்பி வரேக்கை திரும்ப வைப்பார். குளிர்விக்கிற சாமானை மறைச்சு வைச்சு ஓட்டின ஆக்கள் நாங்கள்.

போன வருசம் ரேடியேற்றர் ஒழுகத் தொடங்க, கராஜ் அண்ணை யப்பான் கார் ஒண்டின்ரை பழைய ரேடியேற்றரைப் போடச் சொன்னார். விலை மலிவு, உடனே கிடைக்கும். நான் ஒரு நாள் முழுக்க அளந்து பார்த்தன். ஹோஸ் குழாய் மற்றப் பக்கம் வருது. முன் பிளேற்றை வெட்டவேணும். பிளாஸ்ரிக் டாங். ஒருக்கா வெட்டினால் பிறகு ஒட்டேலாது. அதோடை இந்த வண்டிக்குத் தண்ணி பம்ப் சின்னன், பெரிய ரேடியேற்றர் வைக்கிறதாலை தண்ணி வேகமாய் ஓடப்போறேல்லை.

கடைசியிலை பழசையே கழற்றி, சிற்றிக் அசிட் கலந்த சுடுதண்ணி விட்டு ஊறவைச்சு, தலைகீழாய் தண்ணி அடிச்சன். முதல் வாளி தேத்தண்ணி நிறம். நாலாவது வாளிதான் தெளிஞ்சுது. ஒழுக்கு ரெண்டு இடம், ஈயம் வைச்சாச்சு. பிறகு ஒரு சோதனை செய்தன்: கீழ்க்குழாயைக் கையாலை பொத்திக்கொண்டு மேலை நிரப்பி, கையை எடுக்கத் தண்ணி ஒரேயடியாய்க் கொட்டவேணும். முதல் சிணுங்கிச் சிணுங்கி வந்தது, இப்ப பொத்தெண்டு விழுது. புதுசு வாங்க முதல் எல்லாரும் இதை ஒருக்காச் செய்து பாருங்கோ.


ஹூஸ்டன் செவி:

அலுமினியம் போட்டவர்கள் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன், எனக்கு நல்லபடியாக அமைந்தது.

என் வண்டி 1954 ஷெவர்லே 3100. 235 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின், மாற்றம் எதுவும் செய்யவில்லை. டெக்ஸாஸ் கோடையில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பழைய ரேடியேட்டர் கோர் போய்விட்டது. புதுச் செம்புக் கோர் போட இங்கே கேட்ட கூலி, புது அலுமினிய ரேடியேட்டர் விலையைவிட அதிகம். அந்த வேலை செய்கிற கடைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. கோவையில் உங்களுக்கு அந்தப் பெரியவர் இருப்பது கொடுப்பினை, தோழி.

செம்பு அலுமினியத்தைவிட நன்றாக வெப்பம் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் பழைய ரேடியேட்டரில் ஃபின் மட்டும்தான் செம்பு. ட்யூப் பித்தளை, இணைப்பு ஈயம். இரண்டும் அலுமினியத்தைவிடக் குறைவாகவே கடத்தும். அலுமினியத்தில் ட்யூபை ஒரு அங்குல அகலத்துக்குச் செய்ய முடிகிறது. அரை அங்குல ட்யூப் நாலு ரோ வைத்துச் செய்கிற வேலையை இரண்டு ரோவே செய்துவிடும். எடையும் குறைவு.

ஆனால் அதற்குச் சில மரியாதைகள் செய்ய வேண்டும். முதலில், உங்களுக்கு நடந்ததுபோல இறுக்கிப் போல்ட் போடக்கூடாது. நான் அடியிலும் பக்கத்திலும் ரப்பர் வைத்து, போல்ட்டைக் கையால் திருகும் அளவுக்கு மேல் கொஞ்சம்தான் இறுக்கினேன். இரண்டாவது, மின்சாரம். எர்த் சரியில்லாத பழைய வண்டியில் மின்சாரம் கூலன்ட் வழியாகப் பாதை தேடும், அலுமினியத்தை உள்ளிருந்தே அரித்துவிடும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை ரேடியேட்டர் உலோகத்தில் படாமல் கூலன்டில் மட்டும் நனையும்படி விடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் என்றால் நிம்மதி. எனக்கு முதல் நாள் 0.4 காட்டியது. நெஞ்சு பதறிவிட்டது. என்ஜினிலிருந்து ஃபிரேமுக்குப் போகும் எர்த் பட்டை துருவேறிக் கிடந்தது. புதுசு மாட்டியதும் 0.05க்கு இறங்கிவிட்டது. மூன்றாவது, குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊற்றுவதில்லை. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி.

இன்னொன்று, ரேடியேட்டருக்குக் காசு கொடுக்கும் முன் வண்டி எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள். சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடினால் இறங்கினால் காற்றுக் குறை: ஃபேன், ஷ்ரௌடு. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டக் குறை: அடைப்பு, பம்ப், இல்லையென்றால் கீழ் ஹோஸ். என் நண்பர் ஒருவரின் ஃபோர்டு பிக்கப்பில் கீழ் ஹோஸுக்குள் இருக்க வேண்டிய ஸ்பிரிங் இல்லை. வேகத்தில் பம்ப் இழுக்க இழுக்க ஹோஸ் சப்பிக்கொண்டது. அவர் ரேடியேட்டர் மாற்றிய பிறகுதான் அதைக் கண்டுபிடித்தார்.


பொள்ளாச்சி டெம்போ:

மூடி விஷயத்தில் பட்டவன் நான், சுருக்கமாகச் சொல்கிறேன். அழுத்தம் கூடினால் கொதிக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பழைய டாடா 207 பிக்கப்பில் காருக்குப் போடும் 15 பவுண்டு மூடியை மாட்டினேன். ரேடியேட்டர் வயசான செம்பு. ஆழியார் செக்போஸ்ட் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசியில் மேல்டேங்க் ஓரம் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் பானெட்டைத் திறக்கப் போனான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒரு நொடி தாமதித்திருந்தால் முகத்தில் அடித்திருக்கும். தயவுசெய்து எந்த ரேடியேட்டருக்கு எந்த மூடியோ அதை மட்டும் போடுங்கள்.

கோத்தகிரி அக்காவிடம் ஒரு கேள்வி. என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை வைத்திருக்கிறீர்களா, எடுத்துவிட்டீர்களா? எங்கள் ஊர் மெக்கானிக் எல்லாரும் எடுத்து வீசிவிடுகிறார்கள்.


கோத்தகிரி ஜீப்:

பொள்ளாச்சித் தம்பி, உங்கள் மச்சானுக்கு ஒன்றும் ஆகாதது பெரிய விஷயம். தெர்மோஸ்டாட் கேள்விக்கு: அப்பா காலத்திலேயே எடுத்துவிட்டார்கள். கோர் போட்டபோது பெரியவர் கேட்டார், 82 டிகிரி ஒன்று வாங்கித் திரும்ப மாட்டினேன். மாட்டுவதற்கு முன் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, அடுப்பில் வைத்து, அது திறப்பதைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் ஊர்க் குளிரில் தெர்மோஸ்டாட் இல்லாமல் இறங்கும்போது என்ஜின் சூடே ஏறாது, புகையும் டீசல் செலவும் கூடும். மாட்டிய பிறகு காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் வெள்ளைப் புகை நின்றுவிடுகிறது.

யாழ்ப்பாணத் தம்பி, அந்த அட்டைக் கதையை என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

ஹூஸ்டன் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மாலை என் வண்டியிலும் மல்டிமீட்டர் வைத்தேன். 0.3 காட்டுகிறது. செம்புதானே என்று விடவில்லை. எனக்கும் எர்த் பட்டைதான் என்று நினைக்கிறேன், கறுத்துப்போய் இரண்டு இழையில் தொங்குகிறது. நாளை மண்டிக்குப் போகும்போது மேட்டுப்பாளையத்தில் புதுசு வாங்கி, அங்கேயே மாட்டிவிட்டு ஏறப்போகிறேன். மாட்டியதும் அளவை எழுதுகிறேன்.