வீட்டு சர்வர் வைத்திருப்பவர்களே, உங்களை எது படுத்தியது?

நானே ஆரம்பிக்கிறேன். 2021 ஜூனிலிருந்து கூகுள் போட்டோஸில் ஏற்றும் எல்லாமே அந்த இலவச 15 ஜிபி கணக்கில் சேரும் என்றானதும், படங்களை நாமே வைத்துக்கொள்வோமே என்று ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவு கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, படங்களைச் சேமித்துவைக்கும் நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளைப் போட்டேன். மூன்று மாதம் அருமையாக ஓடியது. அப்புறம் ஒரு நாள் பராமரிப்பு மின்தடை, காலை போன கரண்ட் மதியம் வந்தது, பை எழுந்திருக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை சிமிட்டவே இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதில் சிஸ்டம் இருந்த எஸ்டி கார்டு காலி. படங்கள் தனி ஹார்ட் டிஸ்கில் இருந்ததால் பிழைத்தேன். ஆல்பம், தேதி எல்லாம் டேட்டாபேஸோடு போச்சு.

சரி என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஆபீஸ் மினி பிசி ஒன்றை வாங்கி, எஸ்எஸ்டியில் டெபியன் 12 லினக்ஸ் போட்டு, இன்வர்ட்டர் லைனில் மாட்டினேன். அப்பாவின் ஒரே கேள்வி கரண்ட் பில். அளந்து காட்டினேன்: சும்மா இருக்கும்போது 12 வாட், இரண்டு மாத பில்லில் 17, 18 யூனிட்தான்.

ஆனால் கரண்ட் போகும்போதெல்லாம் ஃபேன் பாட்டுக்குச் சுற்றும், டியூப்லைட் ஒரு தடவை கண்ணடிக்கும், சர்வர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். இரண்டு வாரம் சர்வரின் லாக் பதிவுகளைத் துழாவி டெபியனைத் திட்டித் தீர்த்தேன். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த அண்ணன்தான் இன்வர்ட்டரின் பின்னால் இருந்த சின்ன சுவிட்சைக் காட்டினார். "ஈகோ மோடுல கிடக்கு தம்பி. மாறுறதுக்கு நேரமாகும், கம்ப்யூட்டர் தாங்காது. யுபிஎஸ்ஸுக்குத் தள்ளு." தள்ளினேன், அவ்வளவுதான். பேட்டரியே தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று, கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸான பயாஸிலும் மாற்றி வைத்தேன்.

---

எனக்குக் கரண்ட் தொல்லை இல்லை ப்ரோ, வெளியிலிருந்து வீட்டு சர்வருக்குள் வரத்தான் முடியவில்லை. வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை மாற்றி மாற்றிப் போட்டு, ரவுட்டரை ரீசெட் அடித்து வீட்டில் எல்லோருடைய வைஃபையையும் கெடுத்ததுதான் மிச்சம். கஸ்டமர் கேரில் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்". பிறகுதான் ரவுட்டர் காட்டும் வேன் ஐபி (இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தரும் முகவரி) 100.72 என்று ஆரம்பிப்பதைக் கவனித்தேன். 100.64-இலிருந்து 100.127 வரை எது இருந்தாலும் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள், அதாவது ஒரே பப்ளிக் ஐபியைத் தெருவே பங்கு போடுகிறது, ரவுட்டரில் தலைகீழாக நின்றாலும் ஆகாது. நமக்கென்றே மாறாத ஐபி, அதாவது ஸ்டேடிக் ஐபிக்குத் தனிக் காசு கேட்டார்கள். டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் போட்டுவிட்டேன். இணைப்பை உள்ளிருந்தே தொடங்கிக்கொள்வதால் போர்ட் திறக்கும் வேலையே இல்லை.

---

பப்ளிக் ஐபி இருப்பதும் ஒரு தலைவலிதான். ஒரு ராத்திரி, வெளியிலிருந்து சர்வரில் லாகின் செய்யும் (எஸ்எஸ்ஹெச்) 22-ஆம் போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் லாக்கைப் பார்த்தால் ரூட், அட்மின், டெஸ்ட், பை, ஆரக்கிள் என்று ஊர் உலகத்துப் பெயரில் எல்லாம் கதவைத் தட்டியிருக்கிறார்கள். பாஸ்வேர்டு லாகினை அன்றைக்கே அணைத்தேன், இப்போது என் கம்ப்யூட்டரில் இருக்கும் கீ கோப்பு மட்டும். அது சரி, முதலில் எழுதியவரே, பேக்கப் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

---

வாயைக் கிளறுகிறீர்களே. எழுதுவதை இரண்டு டிஸ்கிலும் அப்படியே வைக்கும் ரெய்டு 1 போட்டிருக்கிறோமே என்ற தெம்பில் இருந்தேன். ஒரு நாள் தப்பான ஃபோல்டரை அழித்தேன், ரெய்டு கடமை தவறாமல் இரண்டு டிஸ்கிலும் அழித்துக் கொடுத்தது. தங்கச்சி சீமந்தப் படங்கள் அதில் இருந்தன. நல்லவேளை, அவள் போனில் பாதி மிஞ்சியிருந்தது. இப்போது மூன்றாவது டிஸ்க் ஒன்று அவள் வீட்டு பீரோவில் இருக்கிறது. கரண்ட் பில் மெசேஜ் வரும்போதெல்லாம் போய் எடுத்து வந்து, காப்பி செய்து, நாலைந்து படத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறேன். மாப்பிள்ளை மட்டும் இன்னும் அதை ஏதோ ரகசியம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.