மனம் உடைந்த பிள்ளைகளுக்கு எழுத்து கைகொடுத்ததா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அப்பாவை இழந்த ஒரு மாணவி பல வாரங்களாக யாரிடமும் மனம் விட்டுப் பேசவில்லை. எப்போது கேட்டாலும் "நல்லாருக்கேன் மிஸ்", அவ்வளவுதான். ஒரு நோட்டைக் கொடுத்து, "இதை வாங்கிப் பார்க்க மாட்டேன், பிழை திருத்த மாட்டேன், நீ கிழித்துப் போட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்" என்றேன். கொஞ்ச நாள் கழித்து அவளாகவே ஒரு பக்கத்தைக் காட்டினாள். கடைசியாக அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிய அந்தக் காலைப் பொழுதைத்தான் எழுதியிருந்தாள். 'அப்பா' என்று வந்த இடங்களில் பேனா அழுந்தி, பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுப்பட்டது. அழுகையும் பேச்சும் அன்றைக்குத்தான் வந்தன.

1986-ல் ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார்கள். நடந்த துயரத்தோடு அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், பிந்தைய மாதங்களில் உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவ மையத்துக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே போனார்கள். ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனபாரம் கூடத்தான் செய்தது. பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் முதல் நாளே பயந்து மூடி வைத்துவிடுவார்கள்.

—

டீச்சர், "வாங்கிப் பார்க்க மாட்டேன்" என்றீர்களே, அதுதான் எல்லாமே. பள்ளி நாட்களில் என் டைரியை வீட்டில் ஒருவர் எடுத்துப் படித்து, எல்லோர் முன்னாலும் சொல்லிக் காட்டினார். அதற்கப்புறம் படிப்பு முடியும்வரை என் மனதில் உள்ளதை ஒரு வரிகூட எழுதவில்லை. பெற்றோர்களே, தயவுசெய்து அந்த நோட்டைத் தொடாதீர்கள்.

—

மனநல ஆலோசகராக இருக்கிறேன். எல்லாப் பிள்ளைக்கும் எழுத்து ஒத்துவராது. சிலர் ஒரே காயத்தை அதே வார்த்தைகளில் தினமும் எழுதி, அதிலேயே உழல்வார்கள். அப்போது 'நான்' என்பதை விட்டு 'அவன்', 'அவள்' என்று வேறொருவர் கதைபோல எழுதச் சொல்வேன். கொஞ்சம் விலகி நின்று பார்க்க வரும். எழுதும்போது தாங்க முடியவில்லை என்றால், அந்த விஷயத்தை அன்றைக்கு விட்டுவிட வேண்டும்.

டீச்சர் கொடுத்த வாக்கில் ஒரே ஒரு விலக்கு வேண்டும், அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: உயிரை விடும் எண்ணம் வந்தால் நோட்டோடு நிறுத்தாதே, உடனே என்னிடம் சொல், உன்னைக் காப்பாற்ற மற்றவர்களிடம் நான் பேச வேண்டிவரும். அப்படி ஒரு வரியை என்னிடம் நீட்டிய பையனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்கு ராத்திரி உன் கூட யார் இருப்பாங்க?" என்பதுதான். அவன் அம்மாவுக்கு அவன் முன்னாலேயே போன் செய்தேன். அன்றே மூன்று பேருமாக மனநல மருத்துவரைப் பார்க்கப் போனோம்.