வெப்ஸ் மக்கள் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

குரோம்பேட்டை வாசகி:
எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். மாமியார் அதில் கேட்டால் மகன் தமிழில் பதில் சொல்கிறான். அது உறுத்துகிறது. ரஷ்யாவின் வடமேற்கில் வெப்ஸ் என்ற மக்கள், 2010 கணக்கெடுப்பில் வெறும் 5,936 பேர்தானாம். அவர்கள் மொழியை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

பெரம்பூர் அண்ணாச்சி:
கஷ்டப்பட்டுத்தான், அம்மா. ஃபின்னிஷ் மொழிக்கு உறவான மொழி அது. 1930களில் லத்தீன் எழுத்தில் பாடப்புத்தகம், பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. 1937-இல் அத்தனையும் நின்றுபோயின. அதற்கப்புறம் படிப்பு முழுக்க ரஷ்ய மொழியில்தான். போதாக்குறைக்குக் கரேலியா, லெனின்கிராத், வோலக்தா என்று மூன்று நிர்வாகப் பகுதிகளில் சிதறிக் கிடக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

மயிலை நூலகர்:
ஷெல்தோசெரோ கிராமத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ரூரிக் லோனின் என்ற வெப்ஸ்காரர் ஊர் ஊராகப் பழைய பொருட்களைச் சேகரித்து 1967-இல் அங்கே அருங்காட்சியகம் தொடங்கினார். அந்தப் பக்கத்து ஷோக்‌ஷா செந்நிறக் கல், பாரிஸில் நெப்போலியன் கல்லறை வரை போயிருக்கிறது! 1980களின் கடைசியில் எழுத்து முறை மீண்டும் வந்தது. 1993 முதல் 'கோடிமா' பத்திரிகை வருகிறது. நீனா ஸைத்ஸெவா என்ற மொழியியலாளர் அகராதியும் பாடநூலும் தந்ததோடு, 2012-இல் 'விரந்தனஸ்' என்ற காவியமும் எழுதினார்.

குரோம்பேட்டை வாசகி:
ரொம்ப நன்றி சார். மாமியார் சொல்லும் கதைகளை இந்த ஞாயிறு முதல் செல்போனில் பதிவு செய்யப் போகிறேன். மகனையே கேள்வி கேட்க வைக்கலாம் என்றிருக்கிறேன்.