பொங்கலுக்குப் பிறகு நண்பர்களுடன் ஏற்காடு: எந்த வழியில் ஏறி, எந்த வழியில் இறங்குவது?

அஸ்தம்பட்டி வாசி:

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரே கல்லூரியில் படித்த நாங்கள் ஆறு பேர் இப்போது சென்னை, பெங்களூரு, கோவை என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். பொங்கல் விடுமுறையை ஒட்டிய வார இறுதியில் இங்கே கூடி, ஏழு பேர் அமரக்கூடிய ஒரே வண்டியில் ஏற்காடு சென்று ஓர் இரவு தங்கவும், மறுநாள் வேறு வழியாக இறங்கி, சிறிய ஊர்களைக் கடந்து இன்னொரு மலையையும் பார்த்துவிட்டு இரவுக்குள் சேலம் திரும்பவும் எண்ணியிருக்கிறோம்.

வண்டி ஓட்டப்போகும் நண்பர் நெடுஞ்சாலையில் நன்கு பழகியவர், ஆனால் மலைச்சாலையில் அதிகம் ஓட்டியதில்லை. இன்னொருவருக்கு வளைவுகள் தொடங்கியவுடன் குமட்டல் வந்துவிடும். இந்த நிலையில் ஏற்காட்டுக்கான இன்னொரு மலைச்சாலையான குப்பனூர் வழியைப் பயன்படுத்தலாமா? இரண்டாம் நாள் கொல்லிமலை செல்வதா, கல்வராயன் மலையில் கருமந்துறை செல்வதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கோரிமேட்டுக்காரர்:

ஏறுவதற்கு அடிவாரம் வழியாகச் செல்லும் முதன்மைச் சாலையே சரி. 20 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தாலும் சாலை அகலமானது, புதிதாக மலையேறுபவருக்கு வண்டியின் போக்கைப் புரிந்துகொள்ள நேரம் கிடைக்கும். விடுமுறை நாளில் காலை எட்டு மணிக்கு முன்பாகவே அடிவாரத்தைக் கடந்துவிடுங்கள். அதற்குப் பிறகு சுற்றுலா வண்டிகள் வரிசையாகச் சேர்ந்துகொண்டால், வளைவில் நின்று, பாதி கிளட்சில் மீண்டும் ஏற வேண்டிய சிரமம் வரும்.

உண்மையில் கவனம் வேண்டியது இறக்கத்தில்தான். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில், பெரும்பாலும் இரண்டாவதில், என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது இறங்குபவரின் கடமை. பேருந்து திரும்புவதற்கு வளைவின் முழு அகலமும் தேவைப்படும் என்பதால், எதிரே அது வருவதைக் கண்டால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்றுவிடச் சொல்லுங்கள்.

குமட்டல் வரும் நண்பரை முன் இருக்கையில் அமர்த்தி, அலைபேசியைப் பார்க்காமல் தொலைவில் சாலையையே பார்த்துவரச் செய்யுங்கள். வயிறு காலியாகவும் இருக்கக்கூடாது, நிறைந்தும் இருக்கக்கூடாது, இரண்டு இட்லி போதும். மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டுப் புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளட்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போடுவதால் பெரிய பயன் இல்லை.

குப்பனூர் வழியாக இறங்குவதில் தவறில்லை. மறுநாள் விடிந்தவுடன் கிளம்பினால் சாலையில் வண்டிகளே இருக்காது.

செம்மநத்தம்:

மேலே எழுதிய ஐயா சொன்னவற்றில் கடைசி ஒன்றை மட்டும் ஏற்க இயலவில்லை. தை மாதத்தில் மேலே மூடுபனி காலையில் வெகுநேரம் தங்கிவிடுவது உண்டு, குப்பனூர் சாலையோ குறுகலானது. மலைக்குப் புதியவர் ஓட்டுகிறார் என்பதால், வெயில் நன்றாக வந்து பனி விலகிய பிறகு ஒன்பது, ஒன்பதரைக்குக் கிளம்புவதே நல்லது. முந்தின இரவு மழை பெய்திருந்தால், மண் சரிந்திருக்கிறதா என்று ஊரில் விசாரித்துவிட்டே இறங்குங்கள், சந்தேகம் இருந்தால் முதன்மைச் சாலையிலேயே திரும்பிவிடுங்கள்.

முதல் நாளை ஏரியில் படகுக்காக வரிசையில் நின்று கழித்துவிடாதீர்கள் என்பது என் அன்பான வேண்டுகோள். ஏற்காட்டின் அழகு நாகலூர், செம்மநத்தம் பக்கமாகச் சுற்றிவரும் ஏறத்தாழ 32 கிலோமீட்டர் வளையச் சாலையில்தான் இருக்கிறது. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார், இன்றும் சாலையின் இருபுறமும் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடியும் அவற்றின் நிழலில் காபிச் செடிகளுமாகவே போகும். நீங்கள் வரும் நேரம் பழம் பறிப்பு முடியும் காலம், களங்களில் காபி காய்வதைக் காணலாம். தோட்டத்துக்குள் இறங்குவதானால் கேட்டுவிட்டு இறங்குங்கள், செடியில் கை வைக்காதீர்கள்.

பிற்பகலில் சேர்வராயன் கோயிலுக்குச் செல்லுங்கள். 5,326 அடி உயரத்தில், மலைத்தொடரின் உச்சியில், குனிந்து நுழையும் குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். சுற்றிலும் மரமின்றி, பாக்சைட் கலந்த செம்மண்ணாக விரியும் அந்த மேட்டில் காற்று கடுமையாக வீசும், ஸ்வெட்டரை அறையில் விட்டுவிட்டு வராதீர்கள். மாலையில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைக்கு இருட்டுவதற்கு முன்பே சென்றால், கீழே மேக்னசைட் கனிமத்தை வெட்டியெடுத்த வெள்ளை நிலப்பரப்பையும் பிறகு சேலத்தின் விளக்குகளையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துவிடலாம். வழியில் எங்கும் குரங்குகளுக்குத் தின்பண்டம் தர வேண்டாம், அந்தப் பழக்கத்தால்தான் அவை சாலைக்கு வந்து அடிபடுகின்றன.

வாழப்பாடி பக்கம்:

இரண்டாம் நாளுக்குக் கருமந்துறை என்பதே என் கருத்து. கொல்லிமலை சேலத்துக்குத் தெற்கே இருப்பதால் மீண்டும் நகரைக் கடந்து செல்ல வேண்டும், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவியைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். குமட்டல் உள்ள நண்பருக்கு அடுத்தடுத்த நாளில் அது பெரும் தண்டனை. கொல்லிமலைக்கு என்றே தனியாக இரண்டு நாள் ஒதுக்கி வாருங்கள்.

குப்பனூரில் இறங்கினால் அயோத்தியாப்பட்டணம் வந்து, ஆத்தூர் நெடுஞ்சாலையில் வாழப்பாடியை எளிதாக அடையலாம். இங்கே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு பேளூர் சாலையில் திரும்பியவுடன் பாக்குத் தோப்புகள் தொடங்கிவிடும், நண்பர்களில் தோப்பு பார்த்திராதவர்கள் இருந்தால் இங்கே சற்று நின்று போகலாம். பேளூரில் வசிஷ்ட நதிக்கரையில் தான்தோன்றீஸ்வரர் கோயில் இருக்கிறது, நடை சாத்துவதற்குள் சென்றால் தரிசனம் செய்யலாம். பிறகு தும்பல் கடந்து கருமந்துறை வரை மலையாளி எனப்படும் மலைவாழ் பழங்குடி மக்களின் சிற்றூர்களும் மரவள்ளிக் காடுகளும்தான். திரும்பும்போது தும்பலிலிருந்து ஏத்தாப்பூர் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்தால் போன வழியிலேயே வர வேண்டியதில்லை. மலைப்பகுதியில் இருட்டிய பிறகு ஓட்டாமல், நான்கு மணிக்கெல்லாம் கருமந்துறையை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

அஸ்தம்பட்டி வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. அடிவாரம் வழியாக ஏறி, பனி விலகிய பின் குப்பனூரில் இறங்கி, கருமந்துறை செல்வதென முடிவு செய்துவிட்டோம். கிளியூர் அருவியை மட்டும் சேர்த்துக்கொள்ள முடியுமா?

செம்மநத்தம்:

ஏரி நிரம்பி வழியும் காலத்தில்தான் கிளியூரில் நல்ல நீர்வரத்து இருக்கும், தை மாதத்தில் பெரும்பாலும் மெலிந்துவிடும். இறங்கி ஏறுவதற்கும் நேரம் பிடிக்கும். ஏரியின் மதகுப் பக்கம் நின்று பாருங்கள். நீர் வழிந்துகொண்டிருந்தால் முதல் நாள் மதியம் செல்லுங்கள், இல்லையென்றால் அந்த நேரத்தையும் வளையச் சாலைக்கே கொடுங்கள்.