வாணி விழாவுக்குப் பிள்ளைகள் பதறாமல் பாட: சங்கீத ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

நானுஓயா ஆசிரியர்:
ஆறு கிழமைக்கு முன்பே மூன்றை முடிவு செய்துவிடுங்கள்: உருப்படி (பாட்டு) எத்தனை, சுருதி எது, காலப்பிரமாணம் (வேகம்) என்ன. 12 பிள்ளைகளுக்கு 2 உருப்படி தாராளம். மூன்றாவது ஒன்றை அதிபர் கடைசிக் கிழமையில்தான் கேட்பார்; அதற்குத் தெரிந்த தேவாரம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள், புதுப்பாட்டு வேண்டாம்.

தரம் 6, 7க்கு 5 கட்டை சுருதி (ஹார்மோனியத்தில் G) சரிவரும். மோகன ராகத்தில் மத்திமமும் (ம) நிஷாதமும் (நி) இல்லை, சுருதி தப்ப இடம் குறைவு. ஆதிதாளத்தில் பிள்ளைகள் ஓடுவது தட்டில் அல்ல, லகுவின் (முதல் தட்டும் மூன்று விரலும் சேர்ந்த பகுதி) விரல் எண்ணிக்கையில். மூன்று விரலையும் அவசரமாக எண்ணிவிட்டுத் திருதத்துக்கு (அடுத்து வரும் தட்டு, வீச்சு) முந்தி வந்துவிடுவார்கள். மெட்ரோனோமை 60இல் வைத்து, பாட்டில்லாமல் 5 நிமிடம் தாளம் மட்டும் போடவையுங்கள். 72க்கு மேல் போகவேண்டாம். மேடையில் தானாகவே கொஞ்சம் ஏறும்.

பொகவந்தலாவை ஆசிரியர்:
டீச்சர், தரம் 9, 10 ஆண் பிள்ளைகளுக்கு அந்த 5 கட்டை ஆகாது. குரல் உடையும் வயது. மேலே கத்துவார்கள், கீழே ஷட்ஜமே (ஸ) கேட்காது. கூட்டத்துக்குள் ஒளித்து நிறுத்தாமல் 1 கட்டையில் (C) தனியாக ஒரு பஜனை கொடுங்கள். மிருதங்கத்தை மாற்றத் தேவையில்லை: 1 கட்டையின் பஞ்சமம்தானே (ப) 5 கட்டை, இடிக்காது.

மிருதங்கம் பற்றியும் சொல்லவேண்டும். ஒக்டோபர் மழையில் தோல் ஈரம் இழுத்துத் தளரும், வலந்தலை (வலப்பக்கம்) சுருதி இறங்கும். மண்டபத்துக்கு 1 மணித்தியாலம் முந்திக் கொண்டுபோய், உறையைக் கழற்றி வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள். மூட்டில் (தோலின் பின்னிய விளிம்பில்) மேலிருந்து தட்டினால் ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். ஒரு பக்கமே தட்டாமல் எதிரெதிராகத் தட்டி வாருங்கள். அவசரத்துக்கு அடுப்படியில் காட்டினால் கரணை (வலந்தலையின் கறுப்புப் பூச்சு) வெடிக்கும். தொப்பிக்கு (இடப்பக்கத்துக்கு) ரவை பூசுவது மேடை ஏறும் முன்புதான்.

பண்டாரவளை ஆசிரியர்:
பாடசாலை விட்ட பிறகு பயிற்சி வைப்பதுதான் முதல் தொல்லை. பின்னேரம் மழை, இடி. தூரத்துத் தோட்ட டிவிஷன் பிள்ளைகள் பஸ்ஸைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். காலையில் 20 நிமிடம் போதும். குளிரில் எடுத்தவுடன் மேல் ஸ்தாயி வேண்டாம். வாய்மூடி ‘ம்’ என்று கீழ் ஸ்தாயியில் 3 நிமிடம்.

உடுப்புக்குச் செலவு வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டுமென்றால் 10ந் திகதி தோட்டச் சம்பளத்துக்குப் பிறகு பெற்றோரிடம் கேளுங்கள்.

தகரக்கூரை மண்டபத்தில் மழை பிடித்தால் ஹார்மோனியம் பிள்ளைகளுக்குக் கேட்காது, சுருதி அங்கேதான் போகும். ஹார்மோனியத்தை ஓரத்தில் வைக்காமல் முன்வரிசைக்கு நடுவில் வையுங்கள். மைக் இரண்டு போதும். ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால் சபையைப் பார்த்து நிற்கவேண்டும், பின்னால் நின்றால் கூவும். மின்சாரம் போனால் ஒலிபெருக்கி இல்லாமலே பாடிமுடிக்க ஒருநாள் பழக்கிவிடுங்கள்.

வரி மறந்த பிள்ளை என்ன செய்யவேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: தாளத்தை விடாதே, பல்லவி வரும்போது சேர்ந்துகொள். அந்த இடத்தைப் பயிற்சியில் வேண்டுமென்றே 3, 4 தடவை பாடவைத்துப் பாருங்கள்.