புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் (மலேசியா) கணினியில் திரை வந்துவிட்டது

புதிய மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகை) மின்விசிறி சுழல்கிறது, திரையோ இருட்டாகவே இருக்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் பயாஸ்தான், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் பலகையின் அடிப்படை மென்பொருள். கடையில் தந்த பி450 வகை மதர்போர்டு பழைய இருப்பு. ரைசன் 5 5600 செயலியை அதன் பயாஸுக்கு அடையாளம் தெரியவில்லை. புதிய பயாஸ் கோப்பை, கையேட்டில் சொன்ன பெயரிட்டு, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டு, பலகையின் பின்புறம் உள்ள பயாஸ் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினேன். செயலி பொருத்தாமலேகூட இது நடக்கும், அருமையான ஏற்பாடு! விளக்குச் சிமிட்டல் அடங்கும்வரை மின்சாரம் போகவே கூடாது. எங்கள் தோட்டப் பக்கம் மாலையில் இடிமழை வரும் என்பதால் காலையிலேயே முடித்துவிட்டேன்.

டிடிஆர்4 ரேம் (தற்காலிக நினைவகம்) முதலில் 2133 வேகத்தில் ஓடியது. ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பை பயாஸில் இயக்கியதும் 3200. செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் ரேமைச் செருகச் சொன்ன அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. தங்கை எஸ்பிஎம் (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) பாடங்களை அதில் படிக்கத் தொடங்கிவிட்டாள்.