மாலை ஐந்து மணிவரை இருந்த தடை

தற்காலிக வான்வெளித் தடை ஒன்றுக்குள், அதன் அறிவிப்பைப் படித்துவிட்டே நான் ட்ரோனைப் பறக்கவிட்ட அனுபவத்தைப் பகிர்ந்துகொள்கிறேன்.

மலையடிவார நீர்த்தேக்கம் ஒன்றைப் படமெடுக்கப் புறப்படுமுன் செயலியின் வரைபடத்தைப் பார்த்தேன். அதில் தடை எதுவும் தென்படவில்லை. விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்புகளான நோட்டாம் பட்டியலில் மட்டும், காட்டுத்தீயை அணைக்கும் பணிக்காக அப்பகுதி வான்வெளி மூடப்பட்டிருப்பதாக ஓர் அறிவிப்பு இருந்தது. அதன் ‘சி’ வரியில் முடிவு நேரம் பத்து இலக்கங்களாக இருந்தது: முதல் ஆறும் ஆண்டு, மாதம், நாள், கடைசி நான்கு 1130. முற்பகலிலேயே தடை நீங்கிவிடும் என்று கணக்கிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு ட்ரோனை ஏற்றினேன். நோட்டாமின் நேரங்கள் உள்ளூர் நேரத்தில் அல்ல, உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் தரப்படும் என்பது எனக்குத் தெரியாத செய்தியன்று. புறப்படும் அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்த 1130 எங்கள் கடிகாரத்தில் மாலை ஐந்து மணி.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, முகட்டைத் தாண்டி ஒரு ஹெலிகாப்டர், அடியில் நீர்வாளி தொங்க, நீர்த்தேக்கத்தை நோக்கித் தாழ்ந்து வந்தது. பதற்றத்தில், ட்ரோனைத் தானாகத் திரும்ப வரவழைக்கும் ஆர்.டி.எச். பொத்தானை அழுத்தினேன். அது இரண்டாவது பிழை. அந்தக் கட்டளையைப் பெற்ற ட்ரோன், நாம் முன்பே அமைத்து வைத்த உயரத்துக்கு ஏறிய பிறகே திரும்பத் தொடங்கும். நான் அமைத்திருந்தது 80 மீட்டர். 30 மீட்டரில் இருந்தது நேராக மேலே எழுவதைக் கண்டதும் கட்டளையை ரத்து செய்து, குச்சியைக் கீழே இழுத்து, கரையோரப் புதருக்குள்ளேயே இறக்கினேன். ஒரு இறக்கை உடைந்தது. ஹெலிகாப்டர் நீரள்ளாமலே விலகிச் சென்றது; என் ட்ரோனைக் கண்டுதான் விலகியது என்றே நினைக்கிறேன்.

அன்றிரவு அறிவிப்பை மீண்டும் படித்தபோது மேலும் இரண்டு தவறுகள் புலப்பட்டன. ஆரம் 5 என்றிருந்ததைக் கிலோமீட்டராக எண்ணி, தீயிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளித்தானே நிற்கிறோம் என்று தைரியமாக இருந்திருக்கிறேன். அது கடல் மைல், அதாவது ஏறத்தாழ 9.3 கிலோமீட்டர். தாழ்வாகப் பறந்தால் தடைக்குக் கீழே இருக்கலாம் என்ற எண்ணமும் வீண், ஏனெனில் கீழ் எல்லை ‘எஸ்.எஃப்.சி.’, தரையிலிருந்தே தடை. தீயணைப்பு விமானங்கள் பணிபுரிவதும் ட்ரோன்கள் பறக்கும் அந்தத் தாழ்ந்த உயரத்தில்தான். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயின்போது, தடையை மீறிப் பறந்த ஒரு சிறிய ட்ரோன் மோதி, கனடாவிலிருந்து உதவிக்கு வந்திருந்த சி.எல்.-415 விமானத்தின் இறக்கையில் துளை விழுந்தது. தீ எரிந்துகொண்டிருக்க, விமானம் பழுதுபார்ப்புக்காகத் தரையில் நிற்க நேர்ந்தது.

இப்போதெல்லாம் தொடக்க, முடிவு நேரங்களை உள்ளூர் நேரத்துக்கு மாற்றித் தாளில் எழுதிக்கொண்டுதான் புறப்படுகிறேன். இடத்தை அடைந்ததும் பட்டியலை மறுபடியும் பார்க்கிறேன், ஏனெனில் பழைய அறிவிப்புக்குப் பதிலாக ‘நோட்டாம்-ஆர்’ எந்நேரமும் வரலாம். சென்ற முறை அப்படிப் பார்த்தபோது, நான்கு மணிக்கு முடியவேண்டிய தடை மறுநாள்வரை நீண்டிருந்தது; பெட்டியைத் திறக்காமலே திரும்பினேன்.